டைமிங் பெல்ட்: பெல்ட் மட்டுமா, முழு கிட்டா?

பழைய காரில் டைமிங் பெல்ட்டின் (கிராங்க் தண்டையும் கேம் தண்டையும் இணைத்து, வால்வுகளைச் சரியான நேரத்தில் திறக்கவைக்கும் பல் பெல்ட்) விலை குறைவு. செலவெல்லாம் கழற்றி மாட்டும் கூலியில்தான். அதனால்தான் இந்தக் கேள்வியே எழுகிறது.

பெல்ட்டை மட்டும் மாற்றினால் பணம் மிச்சம். ஆனால் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், அதை வழிநடத்தும் ஐட்லர் உருளை ஆகியவற்றின் பேரிங்குகளும் அதே கிலோமீட்டர் ஓடியவை. உள்ளே கிரீஸ் காய்ந்த பேரிங் இறுகினால் புது பெல்ட்டும் பல் உரிந்து அறுந்துவிடும். பிஸ்டனும் திறந்த வால்வும் ஒரே இடத்துக்கு வந்துபோகும் இன்டர்ஃபியரன்ஸ் எஞ்சினில் அப்போது பிஸ்டன் வால்வுகளில் மோதி அவற்றை வளைத்துவிடும். பிறகு எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டை இறக்கித்தான் ஆக வேண்டும்.

முழு கிட்டில் பெல்ட், டென்ஷனர், ஐட்லர்கள் வரும். வாட்டர் பம்ப்பும் இதே பெல்ட்டில் சுற்றினால் அதையும் சேர்த்தே மாற்றுங்கள். பம்ப் கசிந்தால் மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். கேம், கிராங்க் தண்டுகளில் ஆயிலைத் தடுக்கும் சீல்களில் கசிவு இருந்தால் அவையும் இப்போதே. ஆயில் பட்ட பெல்ட் ஊறிக் கெட்டுவிடும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், மாட்டியபின் கிராங்கைக் கையால் 2 முழுச் சுற்று சுற்றி, கேம், கிராங்க் புல்லிகளின் டைமிங் குறிகள் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். எங்காவது தட்டினால் பலவந்தம் வேண்டாம், நிறுத்துங்கள்.

எஞ்சினுக்கு வெளியே ஓடி, ஆல்டர்னேட்டர் போன்றவற்றைச் சுற்றும் சர்ப்பன்டைன் பெல்ட் வேறு கதை. அறுந்தால் சார்ஜிங் நிற்கும், ஹைட்ராலிக் ஸ்டியரிங் கனக்கும். வால்வு பொதுவாகத் தப்பும். இதற்கு பெல்ட் மட்டும் போதும், டென்ஷனர் ஆடாமல், பேரிங் சத்தமில்லாமல் இருந்தால். ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பரால் ஆன புதிய பெல்ட்களில் லேசில் வெடிப்பு விழாது. விரிசலைத் தேடாமல் பள்ளங்களின் தேய்மானத்தை அளந்து பாருங்கள்.