அட்வான்ஸ் திரும்பாத வீடு: வழக்கா, மக்கள் நீதிமன்றமா?

திருச்சியில் ஒரு பழைய தனி வீட்டை 42 லட்சத்துக்குப் பேசி 3 லட்சம் அட்வான்ஸ் கொடுத்தேன். 20 ரூபாய் பத்திரத்தில் ஒப்பந்தம், மூன்று மாதக் கெடு. வங்கி வக்கீல் பத்திரங்களைப் புரட்டிவிட்டுக் கடனை நிறுத்தினார். விற்பவரின் அப்பா உயில் எழுதாமல் இறந்தவர். மற்ற வாரிசுகள் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் விடுதலைப் பத்திரத்தில் தம்பியின் கையெழுத்து இருக்கிறது, வெளியூரில் கட்டிக்கொடுத்த அக்காவின் கையெழுத்து இல்லை. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அப்பாவின் சுயசம்பாதனையில் அவருக்கும் சம பங்கு உண்டு. "அக்கா ஒண்ணும் கேக்காது தம்பி, நீங்க வேற பேங்க் பாருங்க" என்றார் விற்பவர். வேறு வங்கியும் அதையேதான் சொன்னது. கெடு முடிந்த மறுவாரம் பேச்சு மாறிவிட்டது: "லோன் கிடைக்கலைன்னா அது உங்க பாடு. அட்வான்ஸ் திரும்பாது."

இந்த இடத்தில் ஆளாளுக்கு ஒரு வழி சொல்வார்கள்.

புரோக்கர் சொன்னது காவல் நிலையம். புகார் கொடுத்தால் அதைப் பெற்றுக்கொண்டதற்கு ஒரு சி.எஸ்.ஆர். ரசீது கிடைக்கும், எதிராளியைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். ஆனால் தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட முடியாவிட்டால் இது சிவில் விவகாரம்தான். ஒரே வீட்டை இரண்டு பேருக்கு ஒப்பந்தம் போட்டவர் என்றால் கதை வேறு. என்னுடையது அப்படி இல்லை. கட்டப்பஞ்சாயத்து ஆட்களைப் பற்றிப் பேசவே வேண்டாம், வாங்கிக் கொடுத்ததில் பாதி அவர்களுக்கே போய்விடும்.

விற்பவர் கட்டுநர் நிறுவனமாக இருந்து, திட்டமும் ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவாகியிருந்தால் அங்கே போவதுதான் நேர்வழி. 2016ஆம் ஆண்டின் அந்தச் சட்டப்படி, பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் அவர்கள் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கவே கூடாது. தனி ஆளிடம் பழைய வீடு வாங்கும் நமக்கு அந்தக் கதவு கிடையாது.

மிச்சம் மூன்று: நமக்குள் பேசி எழுதிக்கொள்வது, வழக்கு, இரு தரப்பும் சம்மதித்தால் சமரசமாக முடித்துவைக்கும் மக்கள் நீதிமன்றம் (லோக் அதாலத்). நான் போனது மூன்றாவதற்கு, அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வழக்கைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை, சட்டம் நம் பக்கம் நன்றாகவே இருக்கிறது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆவது பிரிவு, உரிமைக் குறையை விற்பவரே முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும் என்கிறது. தக்க காரணத்தோடு வாங்க மறுப்பவருக்கு, கொடுத்த முன்பணத்துக்காக அந்தச் சொத்தின் மேலேயே பற்றுரிமையும் (அதிலிருந்தே பணத்தை வசூலிக்கும் உரிமை) தருகிறது. ஒப்பந்தத்தில் 'கெடு தவறினால் அட்வான்ஸ் திரும்பாது' என்று எழுதியிருந்தாலும், அந்த வரி வாங்குபவர் பக்கம் தவறு இருந்தால்தான் பேசும். ஒப்பந்தம் பதிவாகவில்லையே என்ற பயத்துக்கும் 2023இல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் பதில் சொல்லியிருக்கிறது: 2012 முதல் இங்கே கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம் என்றாலும், பதிவாகாத ஒப்பந்தத்தைக் கிரயம் கேட்கும் வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம்.

ஒரு பள்ளம் மட்டும் இருக்கிறது. கிரயம் செய்து தரச் சொல்லி வழக்குப் போடுபவர், 'அது முடியாவிட்டால் முன்பணத்தைத் திருப்பித் தரவும்' என்று மனுவில் தனியாகக் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் விட்டவருக்கு 2025இல் உச்ச நீதிமன்றமே கையை விரித்துவிட்டது.

செலவு? 3 லட்சத்துக்கு 3 சதவீதம், 9,000 ரூபாய் கோர்ட் கட்டணம். அது பெரிய தொகை இல்லை. வக்கீல் கட்டணமும் வாய்தாவும்தான் கணக்கு. சிவில் வழக்கை நான் நேரில் நடத்தியதில்லை, மச்சான் தன் வழக்கில் மூன்றாவது வருடமாகச் சாட்சி விசாரணைக்குக் காத்திருப்பதைப் பார்த்தது மட்டும்தான். அதை வைத்து எல்லா வழக்கும் அப்படித்தான் என்று சொல்ல மாட்டேன்.

மக்கள் நீதிமன்றம் என்றால் ஏற்கெனவே நடக்கும் வழக்குகளை முடிக்கும் இடம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வழக்கே போடாமல், வழக்குக்கு முந்தைய மனுவாகவும் கொடுக்கலாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் வெள்ளைத்தாளில் மனு, ஒப்பந்த நகல், பணம் போன வங்கிக் கணக்குப் பக்கம், வங்கி வக்கீலின் கருத்துரை. கட்டணம் ஒரு ரூபாய்கூட இல்லை. அங்கிருந்து விற்பவருக்கு அழைப்பு போகும். வக்கீல் நோட்டீஸைக் கிழித்துப் போட்ட அதே மனிதர், ஆணைக்குழு முத்திரையைப் பார்த்ததும் வேட்டி மடிப்பு கலையாமல் வந்து உட்கார்ந்தார். "ரெண்டு மாசம் வேற பார்ட்டியத் திருப்பி அனுப்பினேன் சார்" என்று அமர்விலிருந்த ஓய்வுபெற்ற நீதிபதியிடம் முறையிட்டார். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. 25,000 விட்டுக்கொடுத்தேன். 2.75 லட்சத்தில் 1.25 லட்சம் அன்றே டி.டி.யாக வந்தது, மீதி 1.5 லட்சம் 90 நாளில்.

எனக்கு எல்லாவற்றையும் தீர்மானித்தது அந்த இரண்டாவது தவணைதான். அட்வான்ஸ் தகராறில் முழுப் பணமும் ஒரே நாளில் திரும்பி நான் கேள்விப்பட்டதில்லை. விற்பவர் அதை வேறெதிலோ போட்டிருப்பார், தவணைதான் கேட்பார். ஆகவே வழியைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டியது, 'ரெண்டாவது தவணை வராவிட்டால் என் கையில் என்ன இருக்கும்?' என்பதைத்தான்.

நமக்குள் எழுதிய சமரசப் பத்திரம் என்றால், அது மீறப்பட்டதும் அதை வைத்துப் புதிதாக வழக்குப் போட வேண்டும், அதாவது ஆரம்பித்த இடத்துக்கே திரும்புகிறோம். தவணை நாளைத் தேதியாகப் போட்ட செக் வாங்கினால் கொஞ்சம் பலம் கூடும். ஆனால் செக் திரும்பினால் 30 நாளுக்குள் நோட்டீஸ், அது கிடைத்து 15 நாள் அவகாசம், அப்புறம் ஒரு மாதத்துக்குள் புகார். புகார் தேதியைத் தவறவிட்டால் தாமதத்துக்குக் காரணம் சொல்லி நீதிமன்றத்தின் தயவை நாட வேண்டும், நோட்டீஸ் தேதியைத் தவறவிட்டால் அந்த வழியும் கிடையாது.

மக்கள் நீதிமன்றத் தீர்வாணையோ சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். மேல்முறையீடு கிடையாது. தவணை தவறினால் புதிய வழக்கு வேண்டாம், நேரே தீர்ப்பை அமல்படுத்தக் கேட்கும் நிறைவேற்றல் மனுதான், அதற்கும் 12 வருடக் காலம் இருக்கிறது. ஆனால் அதில் எழுதியது மட்டும்தான் நடக்கும். 'தவணை தவறினால் மீதி முழுவதும் வட்டியோடு உடனே தர வேண்டும்' என்ற வரியை இலவச சட்ட உதவி வக்கீலிடம் கேட்டுச் சேர்த்தேன். விற்பவர் முகம் சுளித்தார், சேர்க்க ஒப்புக்கொண்டார். 90ஆம் நாள் பணம் வரவில்லை. நிறைவேற்றல் மனுவின் நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். 10 நாளில் கணக்கில் ஏறியது.

இந்த வழியின் பலவீனம் பெரியது, மறைக்கக் கூடாது. அவர் வரவே இல்லையென்றால், வந்தும் சம்மதிக்கவில்லையென்றால், மனு அத்தோடு முடிந்தது. நீதிமன்றத்தில் எதிராளி வராவிட்டால் ஒருதலைத் தீர்ப்பாவது கிடைக்கும், இங்கே அது இல்லை. வீட்டை வேறு யாருக்காவது கைமாற்றிவிடுவார் என்ற சந்தேகம் இருந்தாலும் வழக்குதான் சரி, தடையாணை அங்கேதான் கிடைக்கும். பணத்தைக் கேட்க பொதுவாக மூன்று வருடக் காலவரம்பு உண்டு, அமர்வுக்கு அலைந்தே அதைத் தீர்த்துவிடக் கூடாது. 30 லட்சம், 40 லட்சம் என்று கொடுத்தவர்களுக்கு என் அனுபவம் எவ்வளவு பொருந்தும் என்றும் தெரியவில்லை. விட்டுக்கொடுக்கும் 25,000 அங்கே சில லட்சமாகிவிடும்.

எதிராளி உள்ளூர்க்காரர், பெயருக்குப் பயப்படுபவர், பணம் புரட்ட முடிந்தவர் என்றால் நான் மறுபடியும் ஆணைக்குழுவுக்குத்தான் போவேன்.

ஆறு மாதம் கழித்து உறையூர்ப் பக்கம் வேறு வீடு பேசினோம். இந்தத் தடவை ஒப்பந்தத்தைப் பதிவு செய்தோம். வில்லங்கச் சான்றில் அது ஏறிவிடும், ரத்துப் பத்திரம் போடாமல் விற்பவர் வேறு ஆளிடம் சுலபமாகப் போக முடியாது. பத்திர எழுத்தரிடம் ஒரு வரி கூடுதலாகக் கேட்டேன்: உரிமைக் குறையால் வங்கி மறுத்தால் 30 நாளில் முழு முன்பணமும் திரும்ப வேண்டும். "இதெல்லாம் யாரும் எழுதுறதில்லையே சார்" என்றார். விற்ற அம்மா, "எழுதுப்பா, எங்கிட்ட எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.