பள்ளியும் பல்லியும்: மூன்றாண்டுக் குரல்வழித் தட்டச்சு

வலது மணிக்கட்டில் வலி கண்டு, நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் விசைப்பலகையைத் தொடக் கூடாது என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் குரல்வழித் தட்டச்சின் பக்கம் வந்தேன். மொழிபெயர்ப்பு என் தொழில். இருபது ஆண்டுகளாகத் தமிழ்99 என்ற விசைப்பலகை அமைப்பில் பழகிய கை. கடந்த மூன்றாண்டுகளில் என் வேலையில் பெரும்பகுதி வாய்வழியாகவே நடந்திருக்கிறது.

ஆங்கிலத்தில் எழுதுவோருக்கு 1997-இலேயே டிராகன் நேச்சுரலி ஸ்பீக்கிங் என்ற குரல்வழித் தட்டச்சு மென்பொருள் கிடைத்துவிட்டது. அதில் தமிழுக்கு இடமில்லை. கூகுள் தன் குரல் உள்ளீட்டில் தமிழைச் சேர்த்தது 2017 ஆகஸ்டில். இன்று வீட்டுக் கணினியில் தமிழைச் சொல்லி எழுத நினைப்பவருக்கு முதலில் கண்ணில் படுபவை மூன்று: கூகுள் டாக்ஸிலுள்ள குரல் தட்டச்சு, விண்டோஸ் 11-இல் விண்டோஸ் விசையையும் எச் விசையையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும் வாய்ஸ் டைப்பிங், ஓப்பன்ஏஐ நிறுவனம் 2022 செப்டம்பரில் யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறமூலமாக வெளியிட்ட விஸ்பர். முதல் இரண்டுக்கும் இணையம் தேவை. விஸ்பரை ஒருமுறை தரவிறக்கிக்கொண்டால் இணையமின்றியே இயங்கும்.

மென்பொருளைத் தேடுவதற்கு முன் மைக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். மடிக்கணினியிலேயே இருக்கும் மைக், தலைக்கு மேல் சுழலும் மின்விசிறியின் இரைச்சலையும் சேர்த்தே கேட்கிறது. சென்னையின் மே மாதத்தில் விசிறியை நிறுத்திவிட்டு வேலை செய்ய என்னால் முடியாது. யூஎஸ்பி ஹெட்செட் ஒன்றை வாங்கி, மைக்கை உதட்டுக்கு நேராக அல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் வைத்துப் பேசத் தொடங்கியதும் குறைந்த பிழைகளின் அளவுக்கு, எந்த மென்பொருளை மாற்றியும் குறையவில்லை.

நாள்தோறும் நான் திறப்பது கூகுள் டாக்ஸைத்தான். குரோம் உலாவியில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ் மூன்றையும் அழுத்தினால் மைக் தோன்றும். மொழிப் பட்டியலில் இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என நாடுவாரியாகவே தமிழ் இருக்கிறது. நான் பயன்படுத்திய காலம் முழுவதும், கமாவையும் முற்றுப்புள்ளியையும் சொல்லி இடும் வசதி தமிழுக்கு இல்லை. தொடக்கத்தில் இது எரிச்சலூட்டியது. பிறகு, நிறுத்தற்குறி இடுவதற்காக மறுமுறை படிக்கும்போதே பிழைகளும் கண்ணில் படுவதால், இரண்டையும் ஒரே வேலையாக்கிக்கொண்டேன்.

இத்தகைய மென்பொருள்கள் தனிச்சொல்லைவிடத் தொடரை நன்றாகப் புரிந்துகொள்கின்றன. 'பள்ளி' என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் பல்லி வந்து உட்காரும். 'பள்ளிக்குச் சென்ற மாணவர்கள்' என்று ஒரே மூச்சில் சொன்னால் பெரும்பாலும் சரியாக வரும், ஆனால் இடையிலுள்ள 'ச்' விழுந்துவிடும். அதனால் வாக்கியத்தை மனத்துக்குள் முடித்துவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும். விரல்களால் சிந்தித்துப் பழகிய எனக்கு இது கைகூட ஏறத்தாழ ஆறு மாதங்கள் ஆயின. வீட்டில் பேசுவதுபோல் 'வந்துக்கிட்டிருக்கு' என்றெல்லாம் சொல்லாமல், மேடையில் வாசிப்பவரைப் போல எழுத்துத் தமிழை உச்சரிக்கவும் பழக வேண்டியிருந்தது.

வாடிக்கையாளரின் நிலப்பத்திரங்களையும் மருத்துவ அறிக்கைகளையும் படித்துக் காட்டும் என் குரல் வெளியார் சேவையகத்துக்குப் போகக் கூடாது என்பதால், அவற்றுக்கு விஸ்பரை வைத்துக்கொண்டேன். அது பல அளவுகளில் கிடைக்கிறது: ஸ்மால் 24.4 கோடி அளவுருக்கள் (அது கற்றதைத் தாங்கும் எண்கள்) கொண்டது, மீடியம் 76.9 கோடி, லார்ஜ் 155 கோடி. தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத, 8 ஜிபி நினைவகமுள்ள என் கணினியில் ஸ்மால் விரைவாக ஓடினாலும் அதன் தமிழ் போதவில்லை. மீடியம், பேசிய நேரத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டது. ஆங்கிலத்துக்கு இவ்வளவு தாமதம் இல்லை. தமிழ் எழுத்துகளைப் பைட்டுகள் என்ற கணினியின் சிறு அலகுகளாகச் சிதைத்து, அதிகமான துண்டுகளாக அது எழுதுவதே காரணம். ஆகவே பேசுவதைப் பதிவுசெய்துவிட்டு, ஒலிக்கோப்பை அதனிடம் கொடுத்துக் காத்திருக்கும் முறைக்கு மாறினேன். நீண்ட மௌனம் வந்தால் யாரும் சொல்லாத வாக்கியத்தை அது எழுதிவிடக்கூடும் என்பது பலரும் அறிந்த குறை. இடைவெளிகளை வெட்டிவிட்டே கொடுக்கிறேன்.

வாக்கியம் குளறிப்போனால் அங்கே கண் நின்றுவிடும்; சரளமாக ஓடும் தவறுதான் தப்பிவிடுகிறது. இரண்டாண்டுகளுக்கு முன், குரல்வழி எழுதிய பத்திரம் ஒன்றில் அறுபத்தேழு சென்ட் நிலம் எழுபத்தேழு சென்ட் ஆகிவிட்டது. எந்தக் கருவி என்பது இங்கே முக்கியமில்லை; மூன்று முறை படித்தும் நான் காணவில்லை, வாடிக்கையாளர்தான் கண்டுபிடித்தார். அதனால் புதிதாகத் தேர்ந்தெடுப்பவர், தம் வேலையிலிருந்தே ஒரு பக்கத்தை ஒவ்வொன்றிலும் சொல்லிப் பார்த்து, எழுதி முடிக்கும் நேரத்தோடு திருத்தி முடிக்கும் நேரத்தையும் கணக்கிட வேண்டும் என்பேன்.

மருத்துவர் அனுமதித்த அந்த ஒரு மணி நேரத்தை இப்போது எண்களுக்கும் ஊர்ப்பெயர்களுக்கும் விழுந்துபோன ஒற்றெழுத்துகளுக்கும் ஒதுக்கியிருக்கிறேன்.