தூக்குகிற எடையும் பற்றரிக் கணக்கும்: நான்கு போக அனுபவம்

டிஜேஐ அக்ராஸ் டி40 என்ற விவசாய ட்ரோனை வைத்து நாங்கள் மூன்று பேர் மட்டக்களப்புப் படுவான்கரை வயல்களில் நான்கு போகம் வேலை செய்துவிட்டோம். மருந்தடிக்க 40 லீற்றர் தாங்கி. பசளை வீசுவதென்றால் 50 கிலோ வரை ஏற்றலாம். ஒரு யூரியா மூடையை அவிழ்த்து அப்படியே கொட்டிவிடலாம் என்ற ஆசையில்தான் வாங்கினோம். கொட்டவும் முடிந்தது. ஆனால் தூக்கிய பிறகு எவ்வளவு நேரம் நிற்கும் என்பதுதான் பெரிய கேள்வி என்று முதல் போகத்திலேயே விளங்கிவிட்டது.

கையேட்டுக் கணக்கைப் பாருங்கள். பற்றரியோடு வெறும் ட்ரோன் 50 கிலோ. அந்தரத்தில் 18 நிமிடம் நிற்கும். மொத்த எடை 90 கிலோ ஆனால் 7 நிமிடம்தான். அதனால் இப்போது 35 கிலோவுக்கு மேல் ஏற்றுவதில்லை. நடை கூடுகிறது, ஆனால் பற்றரி கொதிக்காமல் இறங்குகிறது.

பற்றரி ஒன்று 12 கிலோ வரும். எங்களிடம் மூன்று. ஜெனரேட்டரில் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் சார்ஜ் ஏறிவிடும், ஆனால் சூடு ஆறிய பிறகுதான் போட வேண்டும். வைகாசி வெயிலில் இறங்கிய பற்றரியைத் தொட்டால் கை சுடும். மருத மர நிழலில் வைத்து, காற்றாடி போட்டு, பொறுமையாக நிற்க வேண்டும். அடுத்த வயல்காரர் வரம்பில் நின்று "தம்பி, இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்கும்போது அந்தப் பொறுமை போய்விடும். அப்படி அவசரப்பட்டு ஆறாமல் ஏற்றியது எங்கள் பிழை. இரண்டாம் போகம் முடிவதற்குள் ஒரு பற்றரி சோர்ந்துபோனது.

2024 நவம்பர் கடைசியில் வெள்ளம் வந்தபோது வயல் வாடியில் காவலுக்கு நின்ற நாலு பேர் மாட்டிக்கொண்டார்கள். ஒரு கிலோமீற்றர்கூட இல்லை, ஆனால் இடையில் வாய்க்கால் உடைத்து ஓடியது. அனுமதி கேட்டு எடுத்துக்கொண்டு, பசளைத் தாங்கியைக் கழுவி, சோற்றுப் பார்சலும் தண்ணீர்ப் போத்தலும் பொலித்தீனில் கட்டி உள்ளே அடுக்கினோம். காற்று வினாடிக்கு 6 மீற்றரைத் தாண்டினால் பறக்கக் கூடாது. காலையில் ஒருமுறை, மழை விட்ட இடைவெளியில் இன்னொருமுறை, அவ்வளவுதான் கிடைத்தது. வாடிக்குப் பக்கத்தில் இருந்த மேட்டில் இறக்கினோம். மூடியைத் திறந்து பார்சலை எடுத்தவர் இரண்டு கையையும் தூக்கிக் காட்டியது திரையில் சின்னதாகத் தெரிந்தது. இந்த ட்ரோன் வாங்கியதற்கு அந்த ஒரு நாளே போதும் எனக்கு.

அதற்குப் பிறகுதான் இராணுவங்கள் வாங்கும் சரக்கு ட்ரோன்களைப் பற்றித் தேடி வாசிக்கத் தொடங்கினேன். பிரித்தானியாவில் உருவான மல்லாய் டி150, 68 கிலோ தூக்கும். அதே குடும்பத்து டிஆர்வி-150 வகையை அமெரிக்க மரைன் படை சுமார் 14 கிலோமீற்றர் வரை சரக்கு அனுப்ப எடுத்திருக்கிறது. தண்ணீரும் மருந்தும் கொண்டுபோக இன்னொரு மனிதரை ஆபத்துக்குள் அனுப்பத் தேவையில்லை என்பது பெரிய விஷயம். ஆனால் எனக்கு உடனே எழுந்த கேள்வி, அதன் பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஜெனரேட்டர் எங்கே நிற்கும் என்பதுதான். எங்கள் ட்ரோனுக்கே ஒரு பற்றரி ஏற்ற ஒரு லீற்றர் பெற்றோல் அளவில் போகிறது. சரக்கைத் தூக்கும் ட்ரோனுக்கும் யாரோ எரிபொருள் சுமந்தாக வேண்டும்.

எங்கள் பக்கம் வாங்க நினைப்பவர்கள் எடையை மட்டும் கேட்காதீர்கள். பற்றரி எத்தனை தருவார்கள், ஒன்றின் விலை என்ன, உதிரிப்பாகம் வர எத்தனை நாள் என்று கேளுங்கள். ட்ரோனின் விசிறியைத் தாங்கும் கை ஒன்று உடைந்து, கொழும்பிலிருந்து சாமான் வரும்வரை பசளைக் காலத்தில் இரண்டு கிழமை சும்மா இருந்தோம். இப்போது மாற்றுக் கை ஒன்று உழவு மெசின் பெட்டியிலேயே கிடக்கிறது. பெரும்போகத்துக்கு முன் நாலாவது பற்றரியும் வாங்க வேண்டும்.