டோராவும் கடற்புலிப் படகும்

டோரா, இலங்கைக் கடற்படை இஸ்ரேலிலிருந்து வாங்கிய அதிவேகத் தாக்குதல் படகு. 20 மீட்டருக்கு மேல் நீளம், முன்னால் பீரங்கி, மேலே ராடார். விடுதலைப் புலிகளின் கடற்பிரிவான கடற்புலிகளிடம் இருந்தவை பெரும்பாலும் சிறிய கண்ணாடியிழைப் படகுகள். நீர்மட்டத்தோடு ஒட்டி ஓடுவதால் ராடாரில் எளிதில் சிக்காது. கூட்டமாகச் சூழ்வார்கள். அந்தச் சந்தடியில் வெடிமருந்து நிரப்பிய கரும்புலிப் படகு ஒன்று நேராகப் பாயும், ஓட்டி திரும்புவதில்லை. 1990 ஜூலையில் வல்வெட்டித்துறைக் கடலில் தொடங்கிய முறை இது.

சூட்டு பலத்தில் டோராதான் மேல், சரி. ஆனால் நெருக்கத்தில் சின்னப் படகுதான் பயங்கரம் என்பேன். கடற்படையே பிறகு ‘அரோ’ என்ற சிறு படகுகளைக் கட்டி, புலிகளின் பாணியிலேயே கூட்டமாக இறக்கியதே! அப்புறம் 2007இல் புலிகளின் ஆயுதக் கப்பல்களை ஆழ்கடலில் மூழ்கடித்தது. கரைக்கு வரவேண்டிய சரக்கு வரவில்லை.