எக்செலா, ஈஆர்பியா, திட்டமிடல் மென்பொருளா?

எதை, எப்போது, எவ்வளவு வாங்கி வைப்பது? விநியோகச் சங்கிலியில் அன்றாடம் எடுக்கிற முடிவுகளில் பெரும்பாலானவை இதற்குள் அடங்கிவிடும். இதற்கு எக்செல் தாள், ஈஆர்பி (ERP, நிறுவனத்தின் எல்லாத் துறைகளையும் இணைக்கும் மென்பொருள்), தேவையை முன்கணித்துத் திட்டமிடும் தனி மென்பொருள் என்று மூன்று வழிகள் போட்டியில் இருக்கின்றன. விற்க வருபவர்கள் இவற்றை ஒன்றன்மேல் ஒன்றான படிகளாகக் காட்டுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மூன்றும் வெவ்வேறு வேலைக்கானவை.

எக்செலை ஏளனம் செய்வது சுலபம். ஆனால் ஒரு எண் எப்படி வந்தது என்பதை அந்தக் கட்டத்தைத் தட்டியே பார்த்துவிடலாம். ஆள் கூடும்போதுதான் சிக்கல். கொள்முதலில் ஒரு பிரதி, கிடங்கில் இன்னொன்று, 'ஃபைனல்', 'ஃபைனல் 2'... தாளை உருவாக்கியவர் வேலையை விட்டுப் போனால், அதைப் புரிந்துகொள்ளவும் ஆள் இருக்காது.

அந்தக் குழப்பத்தை ஈஆர்பி தீர்க்கிறது. எல்லாத் துறைக்கும் ஒரே பதிவுதான். ஆனால் அடிப்படையில் அது நடந்ததை எழுதிவைக்கும் கருவி. அதிலுள்ள மூலப்பொருள் தேவைக் கணக்கு, சரக்கு வேண்டிய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி ஆர்டர் தேதியைச் சொல்கிறது. லீட் டைம், அதாவது ஆர்டர் போட்டுச் சரக்கு வந்துசேர ஆகும் காலம், 7 நாள் என்று என்றோ யாரோ பதிந்துவிட்டார். இப்போது சரக்கு வர 20 நாள் ஆகிறது. கணக்கில் ஒரு பிழையும் இல்லாமலே தேதி தவறாக வரும். போதாததற்கு, இந்தக் கணக்கு வழக்கமாக, இயந்திரங்களின் உற்பத்தித் திறனுக்கு எல்லை உண்டு என்பதையே பார்க்காது.

அந்த எல்லையையும் பருவகால ஏற்ற இறக்கத்தையும் கணக்கில் எடுப்பதுதான் திட்டமிடல் மென்பொருளின் பலம். ஆனால் நைக்கி பட்ட பாடு தெரியும்தானே? 2000இல் ஐ2 நிறுவனத்தின் தேவைத் திட்டமிடல் மென்பொருளை இயக்கியது. விற்காத காலணிகளுக்கு அதிக ஆர்டர், விற்கும் காலணிகளுக்குக் குறைந்த ஆர்டர் என்று போய், 2001 தொடக்கத்தில் சுமார் 10 கோடி டாலர் விற்பனை இழப்பை அறிவித்தது. அப்புறம் குறுகிய காலத் திட்டமிடலை ஈஆர்பி பக்கம் மாற்றிக்கொண்டது. அதற்காக ஈஆர்பி பாதுகாப்பானது என்று நினைக்க வேண்டாம். 1999இல் அமெரிக்க சாக்லேட் நிறுவனமான ஹெர்ஷி அவசரமாகப் புதிய ஈஆர்பிக்கு மாறி, மிட்டாய் அதிகம் விற்கும் ஹாலோவீன் பண்டிகை நேரத்தில் கிட்டத்தட்ட அதே மதிப்புக்கு ஆர்டர்களை அனுப்ப முடியாமல் தவித்தது.

மூன்றுக்கும் பொதுவான பலவீனம் இருப்புக் கணக்கு. டிஹொரேஷியஸ், ராமன் என்ற இரு ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பெரிய சில்லறை நிறுவனத்தின் ஏறத்தாழ 3,70,000 பதிவுகளைக் கடையில் எண்ணியதோடு ஒப்பிட்டார்கள். 65% பொருந்தவில்லை. திரையில் 12 இருந்து அலமாரி காலியாகக் கிடந்தால், எந்த மென்பொருளும் ஆர்டர் போடாது.

சரி, எதை எடுப்பது? சில நூறு பொருட்கள், ஒரே கிடங்கு என்றால் எக்செல் போதும். மிச்சப் பணத்தில் பார்கோடு ஸ்கேனர் வாங்கி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக எண்ணிச் சரிபாருங்கள். நாலைந்து துறைகள் ஒரே சரக்கைத் தொடுகின்றன என்றால் ஈஆர்பி; லீட் டைமைப் புதுப்பிக்க ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும். திட்டமிடல் மென்பொருளோ, பல கிடங்குகளும் நீண்ட விற்பனை வரலாறும் உள்ளவர்களுக்கு. அப்போதும் சரக்கு தீர்ந்துபோன நாட்களைத் தனியாகக் குறித்துத் தர வேண்டும். இல்லாவிட்டால் அன்றைய பூஜ்ய விற்பனையை அது 'யாருக்கும் தேவைப்படவில்லை' என்று எடுத்துக்கொண்டு, அடுத்த முறை இன்னும் குறைவாக வாங்கச் சொல்லும்.