மலைக்குளிரில் விறைக்கும் விரல்கள்: கையுறையா, சூடேறும் கைப்பிடியா, கைப்பிடி உறையா?

மலேசியாவில் குளிர் ஏது என்று கேட்கும் ஈப்போ உறவினர்கள், ஆண்டிறுதி மழைக்காலத்தில் ஒருநாள் விடியற்காலையில் கேமரன் மலையில் ரிங்லெட்டிலிருந்து தானா ராத்தாவுக்குக் கப்சாய் (சிறிய மோட்டார் சைக்கிள்) ஓட்டிப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ 13 கிலோமீட்டர்தான்; ஆனால் 15 பாகைக் குளிரில் தூறலும் சேர்ந்துகொண்டால், தேயிலைத் தோட்டத்து வளைவுகளைத் தாண்டுவதற்குள் பிரேக்கைப் பிடிக்கும் விரல்கள் மரத்துப்போகும். மூன்று வழிகளையும் பார்த்துவிட்டு நான் கைப்பிடி உறையில், அதாவது வண்டியின் கைப்பிடியிலேயே மாட்டி உள்ளே கையை நுழைத்துக்கொள்ளும் உறையில், நிலைத்துவிட்டேன்.

தோல் கையுறை காற்றைத் தடுக்கும், விழுந்தால் கையைக் காக்கும். இதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சூடேறும் கைப்பிடியை நண்பரின் பெரிய வண்டியில் இரண்டு காலைகள் மட்டுமே பயன்படுத்தியதால், அது எவ்வளவு நாள் உழைக்கும் என்று என்னால் சொல்ல இயலாது. உள்ளங்கை இதமாக இருந்தது, புறங்கையோ காற்றில் விறைத்தது. மேலும், 12 வோல்ட்டில் 3 ஆம்பியர் இழுத்தால் 36 வாட். கப்சாயின் சிறிய பேட்டரிக்கு அது இன்னொரு முகப்பு விளக்கைச் சுமப்பது போன்றது.

என் முடிவைத் தீர்மானித்தது வெப்பமன்று, உலர்த்தும் வேலை. நனைந்த கையுறையிலிருந்து ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் தேவை. அதில் ஒரு பங்கை நம் விரல்களே கொடுக்கின்றன. ஆகவே ஈரமான தடித்த கையுறை சில வேளைகளில் வெறுங்கையைவிட மோசம். அதை உலர்த்தவும் இங்கே வெயில் வேண்டுமே! என் தோல் கையுறை அடுப்பங்கரைக் கொடியில் மூன்று நாள் தொங்கியும் உள்விரல்களில் ஈரம் போகவில்லை. நான்காம் நாள் பூஞ்சணம் பூத்து, போட்டுக்கொண்டு போன இடமெல்லாம் நாறியது. பனி நாடுகளில் ஏடிவி எனும் கரடுமுரடான நிலத்துக்கான நான்கு சக்கர வண்டி ஓட்டுவோர் பயன்படுத்தும் அதே வகைக் கைப்பிடி உறையோ மழையையும் காற்றையும் வெளியிலேயே நிறுத்திவிடுவதால், உள்ளே தோட்டத்தில் போடும் நூல் கையுறையே போதும். வீடு வந்ததும் உறையைப் பழந்துணியால் துடைத்தால் வேலை முடிந்தது. கப்சாயில் கிளட்ச் பிடி இல்லாததால் இடது கைக்கு உள்ளே தாராளமாக இடமும் உண்டு.

குறையும் இருக்கிறது. ஹாரனையும் சிக்னலையும் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கையைச் சட்டென்று வெளியே எடுத்துப் பழகவும் வேண்டும். அதைவிட முக்கியமானது உறையின் முன்பக்கம். முதல் வாரத்தில் பின்னால் வந்த அண்ணன் ஒருவர் கடையோரம் நிறுத்தி, “தம்பி, உங்க பிரேக் லைட் அணையவே இல்லை” என்றார். எதிர்க்காற்று உறையை அழுத்த, உறை முன் பிரேக் பிடியை அழுத்திக்கொண்டே வந்திருக்கிறது. அன்று மாலையே உறையைக் கழற்றி, பிடியிலிருந்து இரண்டு விரல் அகலம் தள்ளி நிற்குமாறு உள்ளே கம்பி வளையம் வைத்துக் கட்டினேன்.