சித்திரையில் பார்த்து வாங்கிய வீடு

நெல்லை மாவட்டத்தில் கல்லிடைக்குறிச்சி தொடங்கிச் சேரன்மாதேவி வரை கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் உள்ள ஊர்ப் பக்கம், பூட்டிக் கிடக்கும் பழைய வீடுகளை வாரிசுகளிடமிருந்து வாங்கி, நான்கைந்து மாதங்களில் பளபளப்பாக்கி, பாரம்பரிய வீடு என்று சொல்லி வெளியூரில் வசிப்பவர்களுக்கு விற்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடம் நானும் என் கணவரும் ஒரு வீட்டை வாங்கி ஏமாந்தோம். வழக்குத் தொடுக்க இருப்பதால் அவருடைய பெயரையும் ஊரின் பெயரையும் எழுதக் கூடாது என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். எப்படி ஏமாற்றப்பட்டோம் என்பதை எழுதத் தடையில்லை. அதை முழுமையாக எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆசிரியப் பணியில் முப்பத்தோரு ஆண்டுகள் திருச்சியில் இருந்துவிட்டு ஓய்வுபெற்றேன். எங்கள் இருவருக்கும் சொந்த ஊர் தாமிரபரணிக் கரைதான். பிறந்த வீடுகள் பாகம் பிரிந்து கைமாறிப் போய்விட்டதால், கடைசிக் காலத்தில் அதே மாதிரி ஒரு வீட்டில் இருக்க வேண்டும் என்ற ஆசை இருவருக்கும் இருந்தது. தரகர் காட்டிய வீடு ஊரின் வடகோடியில், கடைசி வீடாக இருந்தது. அதற்கு அப்பால் வாய்க்காலும் வயலும்தான். நிலைவாசலுக்கு மேலே சுதையில் 1931 என்று இருந்தது. தெருத்திண்ணை, தார்சா என்னும் முன்கூடம், பட்டாசல் என்னும் நடுக்கூடம், முற்றம், இரண்டாங்கட்டு, அரங்கு என்னும் உள்ளறை, அடுக்களை என்று நான் பிறந்த வீட்டின் அதே அடுக்கு. தேக்குத் தூண்களுக்குப் புதிதாக மெருகு போட்டிருந்தார்கள். சுவர்களெல்லாம் பட்டி பார்த்து, தந்த நிறத்தில் எமல்ஷன் அடித்து, கை வைத்தால் வழுக்கின. அரங்கில் நெல் சேமிக்கும் பெரிய மரப் பத்தாயம் ஒன்று இருந்தது. கதவு வழியாக வெளியே எடுக்க முடியாத அளவு என்பதால் அதையும் வீட்டோடு தருவதாக விற்பவர் சொன்னார். பின்புறத்தில் புது அடுக்களையும், மேற்கத்திய பாணிக் கழிப்பறையோடு ஒரு குளியலறையும் கட்டியிருந்தார். முதுமைக்கு வசதியாக இருக்கும் என்று அதைப் பார்த்ததும் என் கணவர் முடிவு செய்துவிட்டார்.

நாங்கள் பார்த்தது சித்திரை மாதம். பிசானப் பருவ நெல் அறுவடை முடிந்து, கால்வாய் அடைபட்டு, வாய்க்காலில் காய்ந்த சேறு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஓதம், அதாவது சுவரில் ஏறும் ஈரம், என்ற ஒன்று இந்த வீட்டில் இருக்கக்கூடும் என்று நினைக்கவே இடமில்லாத வெயில். விற்பவர் எங்களை ஒவ்வொரு முறையும் தம் காரிலேயே அழைத்து வந்து, தம் காரிலேயே திரும்பக் கொண்டுபோய் விட்டார். அதை அன்று மரியாதை என்று நினைத்தோம். அண்டை வீட்டாரோடு ஒரு வார்த்தை பேசும் வாய்ப்பு எங்களுக்குக் கிடைக்காமல் போனது அதனால்தான் என்பது பிறகே விளங்கியது.

ஆவணங்களில் நாங்கள் குறை வைக்கவில்லை. மூலப்பத்திரம், முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று, பட்டா எல்லாவற்றையும் வழக்கறிஞர் ஒருவரிடம் கொடுத்துக் கருத்துரை வாங்கினோம். பெண்மக்கள் உட்பட அத்தனை வாரிசுகளும் முந்தைய கிரயத்தில் கையெழுத்திட்டிருந்ததால் உரிமையில் சிக்கல் இல்லை என்று அவர் எழுதித் தந்தார். அது இன்றைக்கும் உண்மைதான். ஆனால் வழக்கறிஞர் பார்ப்பது காகிதத்தை மட்டுமே. சுவரையும் வாய்க்காலையும் பார்ப்பது அவர் வேலையாக இருக்கவில்லை, நாங்களும் வேறு யாரையும் பார்க்கச் சொல்லவில்லை.

விலை 46 லட்சம். அதில் 25 லட்சத்தை மட்டும் கிரயப் பத்திரத்தில் காட்டலாம் என்றும், மீதியை மராமத்துச் செலவு என்ற பெயரில் தனியாகத் தந்துவிடும்படியும் விற்பவர் கேட்டார். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து நூற்றுக்கு ஒன்பது ரூபாய் ஆகிறதே, அதில் உங்களுக்கு மிச்சம்தானே என்றார். நாங்கள் ஒப்புக்கொண்டோம். அது தவறு. அந்தத் தவறின் பலனை இன்று அனுபவிக்கிறோம். இழப்பீடு கேட்கப் போனால் பத்திரத்தில் உள்ள தொகையைத்தான் விலை என்று காட்ட முடிகிறது. மீதி 21 லட்சத்துக்கு எங்களிடம் இருப்பது தேதியில்லாத ஒரு துண்டு ரசீது.

வைகாசியில் கிரயம் முடித்துக் குடிவந்தோம். ஆனி பிறந்து கார் பருவ நெல் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்தார்கள். வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்த முதல் இரவு எனக்கு எவ்வளவு நிறைவாக இருந்தது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பதினைந்து நாள் கழித்து, இரண்டாங்கட்டின் வடக்குச் சுவரில் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் பெயிண்ட் சிறுசிறு கொப்புளங்களாக எழும்பியது. விரலால் தொட்டதும் ஒரு கொப்புளம் உடைந்து, உள்ளிருந்து மாவு போன்ற வெள்ளை உப்பு உதிர்ந்தது. ஆடி முடிவதற்குள் அந்தக் கொப்புளங்கள் இடுப்பு உயரத்துக்கு ஏறின. பட்டி தகடு தகடாக விழுந்தது. மின்விளக்குப் பொத்தான் பலகையைத் தொட்டால் கை விறுவிறுத்தது.

உள்ளூர்க் கொத்தனார் ஒருவரை அழைத்துக் காட்டினோம். எழுபது வயதைக் கடந்தவர், சுண்ணாம்பு வேலை தெரிந்தவர். சுத்தியலால் இரண்டு இடத்தில் தட்டிப் பார்த்துவிட்டு, "இது சுண்ணாம்புச் சாந்துல கட்டுன செவரு. இதுக்கு மேல சிமெண்டப் பூசி, பட்டியப் போட்டு மூடிட்டானுவ. செவரு எங்கிட்டு மூச்சு விடும்?" என்றார். அவர் விளக்கியதை என் மொழியில் சொல்கிறேன். அந்தக் காலத்துச் சுவர்களில் தரை ஈரம் மேலே ஏறாமல் தடுக்கும் அடுக்கு எதுவும் கிடையாது. ஈரம் ஏறத்தான் செய்யும். ஆனால் சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டு உலர்த்திக்கொள்ளும். சிமெண்டும் பட்டியும் பிளாஸ்டிக் பெயிண்டும் அதற்கு வழிவிடுவதில்லை. வெளியேற வழியில்லாத ஈரம் வழி தேடி மேலே மேலே ஏறுகிறது, போகிற இடமெல்லாம் உப்பைக் கொண்டுபோகிறது, செங்கல்லை அரிக்கிறது. சுவர் கெட்டது பழமையால் அன்று, புதுப்பித்த வேலையால்.

அவ்வளவோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அறியாமையால் செய்த வேலை என்று விட்டிருப்பேன். பக்கத்து வீட்டு ஆச்சி ஒரு நாள் மாலையில் திண்ணையில் வந்து உட்கார்ந்து, தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார்: "வாங்குறதுக்கு முன்னால எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா யம்மா. அந்த மார்கழி வெள்ளத்துல உங்க பட்டாசல்ல தொடையளவு தண்ணிலா நின்னுச்சு." ஏன் ஆச்சி அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன். ஒருவர் வியாபாரத்தைக் கெடுத்த பாவம் நமக்கு எதற்கு என்று இருந்துவிட்டாராம். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. எங்கள் ஊர்களில் அது பழகிப்போன எண்ணம், நானும் அப்படி வாய்மூடி இருந்திருக்கிறேன்.

அவர் சொன்னது 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த வெள்ளம். நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்கள் முழுவதும் அதை மறந்தவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள். அணைகளின் உபரிநீரும் காட்டாற்று வெள்ளமும் சேர்ந்து தாமிரபரணியில் கரைபுரண்டு ஓடியபோது கால்வாய்களும் குளங்களும் பல இடங்களில் உடைந்தன. நாங்கள் அந்த இரண்டு நாளும் திருச்சியில் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து சொந்தபந்தங்களுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தோம். அந்தத் தண்ணீர் நின்ற வீட்டையே பின்னால் வாங்குவோம் என்று எப்படி நினைப்போம்?

அன்றிரவே என் கணவர் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு அரங்குக்குள் போனார். பத்தாயத்தின் முன்பக்கமும் இரண்டு பக்கவாட்டும் மெருகில் மின்னின. சுவரை ஒட்டிய பின்பக்கத்துக்குக் கை போகாததால் அதை யாரும் தொடவில்லை. விளக்கை அந்த இடுக்கில் சாய்த்துப் பிடித்ததும் தெரிந்தது. பலகையின் குறுக்கே, மட்டம் வைத்துக் கோடு போட்டதுபோல, வண்டல் படிந்த ஒரு வரி. அதற்குக் கீழே மரம் கறுத்து உப்பியிருந்தது, மேலே பழுப்பாக இருந்தது. அந்த வரியில் இரண்டு மூன்று வைக்கோல் துரும்புகள் சேற்றோடு ஒட்டிக் காய்ந்திருந்தன. நாடாவை வைத்து அளந்தோம், தரையிலிருந்து இரண்டடி எட்டு அங்குலம். வீட்டில் மற்ற எல்லா இடத்திலும் அந்த வரியை அழிக்க ஆள் வைத்தவருக்கு அது இருந்தது தெரியாது என்று எப்படி நம்புவது?

அதன் பிறகு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. ஆசாரியை வைத்து மச்சைத் தாங்கும் உத்திரங்களைப் பார்க்கச் சொன்னோம். சுவருக்குள் புதைந்த முனையில் ஒன்றில் அவர் உளியை வைத்து லேசாக அழுத்தியதும் பிடி வரைக்கும் உள்ளே இறங்கியது. செல் (கறையான்) அரித்த இடத்தில் மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்து மெருகு போட்டிருந்தார்கள். அதற்கு நேர்மேலே ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டியை வைத்திருந்தார்கள். நிரம்பினால் தண்ணீர் மட்டுமே ஒரு டன். அன்றே தொட்டியைக் காலி செய்தோம்.

பின்பக்கக் கட்டடத்தில்தான் பெரிய இடி காத்திருந்தது. வாய்க்கால் ஏன் எங்கள் வீட்டருகே மட்டும் இவ்வளவு குறுகிப் போகிறது என்று கொத்தனார் கேட்ட கேள்விதான் எங்களைத் தாலுகா அலுவலகத்துக்குப் போக வைத்தது. பணம் கட்டி நில அளவரை வரவழைத்து, புலப்படத்தை வைத்து அளந்தபோது, புது அடுக்களையின் பாதியும், குளியலறை முழுவதும், கழிவுத் தொட்டியும் வாய்க்கால் புறம்போக்கில் இருந்தன. பழைய வீடு 1931இல் கட்டிய எல்லைக்குள் சரியாக நிற்கிறது. விற்பவர்தான் வாய்க்காலின் தென்கரையை மண் கொட்டி நிரப்பி அதன்மேல் கட்டியிருக்கிறார். பத்திரத்தில் வடக்கு எல்லை 'வாய்க்காலுக்குத் தெற்கு' என்று மட்டும் இருந்ததால், வாய்க்கால் நகர்ந்ததும் எல்லையும் நகர்ந்ததுபோல் ஆகிவிட்டது. சதுர மீட்டர்க் கணக்கைப் பட்டாவோடு ஒப்பிட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் பிடித்திருக்கலாம். நீர்வழிப் புறம்போக்குக்கு யாரும் பட்டா வாங்கித் தர முடியாது. 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின்படி எங்களுக்கு நோட்டீஸ் வந்துவிட்டது. இடித்துத்தான் ஆக வேண்டும். அதை நாங்கள் எதிர்க்கப் போவதில்லை, ஏனென்றால் வாய்க்காலை நெருக்கியதால் கடைமடை வயல்காரர்களுக்குத் தண்ணீர் சரியாகப் போகவில்லை என்பதையும், நெருங்கிய தண்ணீர்தான் எங்கள் சுவரில் ஏறுகிறது என்பதையும் இப்போது கண்ணால் பார்க்கிறோம்.

விற்பவரைத் தேடிப் போனோம். முதல் முறை காப்பி கொடுத்து உபசரித்தார். இரண்டாம் முறை, 'சொத்தை நேரில் பார்த்துத் திருப்தியடைந்து' என்று பத்திரத்தில் நாங்களே கையெழுத்திட்ட வரியைக் காட்டினார். மூன்றாம் முறை பார்க்க மறுத்துவிட்டார். பாளையங்கோட்டையில் வேறொரு வழக்கறிஞரைக் கலந்தோம். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55ஆம் பிரிவு, விற்பவருக்குத் தெரிந்திருந்து, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறையை விற்பவர் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. மோசடி நடந்த வழக்கில், அது வாங்கியவருக்குத் தெரியவந்த நாளிலிருந்துதான் காலவரையறை கணக்கிடப்படும் என்றும் அவர் சொன்னார். ஆகவே பத்தாயத்தின் பின்பக்கத்தை, அளவு நாடாவோடும் தேதியோடும், சாட்சிகள் முன்னிலையில் படம் எடுத்து வைத்திருக்கிறோம். அதை நகர்த்தவும் இல்லை, துடைக்கவும் இல்லை.

இந்த மாதிரி வீடு பார்க்கப் போகிறவர்கள் கால்வாயில் தண்ணீர் ஓடும் மாதங்களில் ஒரு முறையாவது போய்ப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் போக முடிந்தால் அதைவிட நல்லது. தரகரும் விற்பவரும் இல்லாத நேரத்தில் தனியாகப் போய் இரண்டு பக்கத்து வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்து, வெள்ளத்தில் இந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். வீட்டைக் குறைசொல்லத் தயங்குகிறவர்களும் வெள்ளத்தைப் பற்றிக் கேட்டால் சொல்வார்கள். பெயிண்ட் எட்டாத இடங்களைப் பாருங்கள்: சுவர் அலமாரியின் உட்புறம், மாடிப்படியின் அடிப்பக்கம், கதவுகளின் கீழ்விளிம்பு, நகர்த்த முடியாத மரச்சாமான்களின் முதுகு. முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் சர்வேயரை வைத்து நான்கு எல்லையையும் அளந்துவிடுங்கள். அதற்கு விற்பவர் சம்மதிக்கவில்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள். பத்திரத்தில் முழு விலையும் இருக்கட்டும்.

இப்போது பட்டாசலிலும் இரண்டாங்கட்டிலும் சிமெண்டுப் பூச்சை முழுவதும் கொத்தி எடுத்துவிட்டோம். செங்கல் வெளியே தெரியச் சுவர்கள் காய்ந்துகொண்டிருக்கின்றன. கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த தண்ணீரில் சாந்து குழைத்துப் பூசலாம், ஆனால் ஈரம் இறங்க இன்னும் பல மாதம் பொறுக்க வேண்டும் என்று கொத்தனார் சொல்லியிருக்கிறார். நாங்கள் தார்சாவில் இரண்டு கட்டிலைப் போட்டு இருந்துவருகிறோம். பங்குனி முடியப் போகிறது, கால்வாயும் அடைபட்டுவிடும். அதே மனிதர் பக்கத்து ஊரில், இதே போல் வாய்க்கால் ஓரத்து வீடு ஒன்றுக்குச் சென்ற வாரம் பட்டி பார்க்கத் தொடங்கியிருக்கிறார். பள்ளி விடுமுறைக்கு ஊருக்கு வருகிறவர்களுக்கு அதைக் காட்டுவார். அதைப் பார்க்க வருகிறவர்கள் எனக்குத் தனிச்செய்தி அனுப்பினால், எங்கள் வீட்டுக்கு வழி சொல்கிறேன். டார்ச் விளக்கை நாங்களே தருகிறோம், அரங்கில் பத்தாயத்தின் பின்பக்கத்தை ஒரு முறை பார்த்துவிட்டுப் பிறகு அங்கே போங்கள்.